ஏத்தத்துல பேசணும், எறக்கத்துல அடங்கணும்: ரோட்ஸ்டருக்கு சைலன்சர் மாத்தின கதை

சைலன்சர் வாங்கணும்னு நெனைச்ச உடனே எல்லாரும் செய்றது ஒண்ணுதான், ஹெட்போனை மாட்டிக்கிட்டு யூடியூப்ல உக்காந்துர்றது. நானும் உக்காந்தேன், ராத்திரி ராத்திரியா. அந்த வீடியோவுல முக்காவாசி எப்பிடின்னா, காரை வெட்டவெளில நிப்பாட்டி, நியூட்ரல்ல போட்டு, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிப்பாங்க. நியூட்ரல்ல இஞ்சினுக்கு லோடே கெடையாது, அதனால வர்ற சத்தத்துக்கும் ஆள ஏத்திக்கிட்டு மலை ஏறுறப்ப வர்ற சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. போன் மைக் வேற சத்தம் கூடினா தானா அமுக்கும், குறைஞ்சா தானா தூக்கிவிடும், அதனால சாந்தமான சைலன்சரும் காதைக் கிழிக்கிற சைலன்சரும் ஸ்பீக்கர்ல கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் கேக்கும். நெஞ்சுல வந்து இடிக்குதே அந்த பூம், அது போன்ல சரியா ஏறவே ஏறாது. கார்க்குள்ள உக்காந்து போறவனுக்கு தலைவலி குடுக்கிறதே அந்த பூம்தான்.

நம்ம வண்டி மஸ்தா யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 இஞ்சின், அஞ்சு கியர், 1989ல ஜப்பான்ல வந்துச்சே முதல் ஷேப், முன்னாடி லைட் முழிச்சு எந்திரிக்குமே அது. மஸ்தாக்காரங்க அந்தக் காலத்துலயே இந்தக் காருக்கு சத்தத்தை தனியா உக்காந்து ட்யூன் பண்ணினாங்க, பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரோட குரல் வரணும்னு. அதனால ஒரிஜினல் சைலன்சரை நான் கொறை சொல்லமாட்டேன். ஆனா நம்மூரு மழையும் மிஸ்ட்டும் அதை விட்டு வைக்கல, பெரலோட, அதாவது அந்த உருளையோட, அடிப்பக்கம் விரல் வச்சா உள்ள போற அளவுக்கு துருப்பிடிச்சு, ஓரத்துல மடிச்ச தையல் பிரிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. புது ஒரிஜினல் தேடுற காசுக்கு நல்ல ஆஃப்டர்மார்க்கெட் ஒண்ணே போட்டுரலாம்னு முடிவு பண்ணினேன். காசு எவ்வளவுன்னு இங்க எழுதல, டொலர் போற போக்குல நான் எழுதி நீங்க வாசிக்கிறதுக்குள்ள அந்தக் கணக்கு பொய்யாகிரும்.

இலங்கை மலைநாட்டுல ஓட்டுறவனுக்கு எந்த ஆர்பிஎம் (இஞ்சின் நிமிசத்துக்கு எத்தனை சுத்து) முக்கியம்னு மொதல்ல கணக்குப் போட்டேன். இந்த வண்டில செகண்ட் கியர்ல 40 கிலோமீற்றர்ல போனா ஊசி 3000ல நிக்கும், தேர்ட்ல அதே 3000க்கு 55 தாண்டும். தலவாக்கலைல இருந்து நுவரெலியா ஏறுறப்ப வேற என்ன ஸ்பீட்ல போகப் போறோம், முன்னாடி ஒரு பஸ், அதுக்கு முன்னாடி மரக்கறி லொறி. ஆக நம்ம வாழ்க்கை முழுக்க 2500க்கும் 3500க்கும் நடுவுலதான். நாலு சிலிண்டர் இஞ்சின்ல ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு வெடி, 3000 ஆர்பிஎம்னா செக்கனுக்கு 50 சுத்து, 100 வெடி, அதாவது 100 ஹெர்ட்ஸ். சின்னக் கார்க்குள்ள மூடி வச்ச துணிக் கூரைக்கு அடியில பூம் அடிக்கிறது சரியா இந்த ஏரியாவுலதான். கொழும்புல ஹைவேல போறவன் அஞ்சாவது கியர்ல 100ல 3200 கிட்ட ஓடுவான், அவனுக்கும் அதே ஏரியாதான், ஆனா அவனுக்கு ரோடு நேரா இருக்கு, ஆக்சிலேட்டர்ல கால் லேசா வச்சுக்கிட்டு போயிருவான். நாம ஏத்தத்துல முக்காவாசி மிதிச்சுக்கிட்டே போறோம். லோட் கூடக் கூட பூமும் கூடும்.

இன்னொரு விசயத்தை யாரும் வீடியோவுல காட்டுறதே இல்ல, எறக்கம். நுவரெலியால இருந்து லபுக்கலை வழியா ரம்பொடைக்கு எறங்குறவன் பாதி நேரம் ஆக்சிலேட்டர்ல காலே வைக்கமாட்டான், செகண்ட்ல போட்டு இஞ்சின் பிரேக்ல விட்டுருவான். அந்த நேரம் சைலன்சர்ல வர்றது வேற சத்தம், கரகரன்னு, தகர டப்பாக்குள்ள குளவி மாட்டின மாதிரி. ஏத்தத்துல அருமையா பாடுற சைலன்சர் எறக்கத்துல இந்த வேலையக் காட்டுனா ஒரு மணி நேரத்துல வெறுத்துரும். அதனால நான் வச்சுக்கிட்ட விதி லேசானது, ஏத்தத்துல முழுசா மிதிக்கிறப்ப பேசணும், பாதி மிதில முணுமுணுக்கணும், எறக்கத்துல வாயே தொறக்கக் கூடாது.

கைக்கு கெடைச்ச சாமானைப் பத்தி சொல்றேன். கொழும்புல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற பஞ்சிகாவத்தைல அலைஞ்சா ஜப்பான்ல இருந்து வந்த ரீகண்டிஷன் சைலன்சர் கெடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா உங்க வண்டிக்கே செஞ்சது, இல்லாட்டி வேற வண்டியோடது, பைப்பை சேர்த்து போல்ட் போடுற ஃப்ளேஞ்ச் தகட்டை வெட்டி மாத்தணும். அதுல ஜாஸ்மான்னு ஒரு சின்ன தகடு ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஜப்பான்ல சைலன்சர் செய்றவங்க சங்கத்தோட முத்திரை அது, அந்த நாட்டு சத்த அளவுக்குள்ள செஞ்சதுன்னு அர்த்தம். ஆனா தகடு இருந்தா மட்டும் நம்பிராதீங்க, உள்ள இருக்கிற பஞ்சு எரிஞ்சு போயிருந்தா தகடு ஒண்ணும் செய்யாது. பெரலைத் தூக்கி லேசா தட்டிப் பாக்கணும், மத்துன்னு கேட்டா பஞ்சு இருக்கு, டங்குன்னு மணி மாதிரி கேட்டா காலி. குலுக்கிப் பாத்து உள்ள ஏதாவது உருண்டா அதையும் வச்சுட்டு வந்துருங்க.

உள்ளுக்குள்ள ரெண்டு ஜாதி. ஒண்ணு ஸ்ட்ரெயிட் த்ரூ, நடுவுல ஓட்டை ஓட்டையா ஒரு குழாய் நேரா போகும், அதை சுத்தி கண்ணாடி நார் பஞ்சு. இது கீச்சு சத்தத்தையெல்லாம் நல்லா குடிச்சிரும், ஆனா பூம் மாதிரி அடி சத்தத்தை அவ்வளவா தொடாது. மத்தது சேம்பர் வச்சது, அறை அறையா தடுப்பு, புகை முட்டி மோதித் திரும்பி வெளிய வரும், அடி சத்தத்தையும் அடக்கும், ஆனா ஓட்டத்தைக் கொஞ்சம் மறிக்கும். கம்பெனில இருந்து வர்றது பெரும்பாலும் ரெண்டாவது ஜாதி. கடையில ஸ்போர்ட்ஸ்னு விக்கிறது பெரும்பாலும் மொதல் ஜாதி. வாய் பீரங்கி மாதிரி இருக்கா, நீலக் கலர்ல எரிஞ்ச மாதிரி இருக்கா, அதெல்லாம் சத்தத்தை பெருசா மாத்தாது, அது கண்ணுக்கு. பெரல் எவ்வளவு நீளம், எவ்வளவு குண்டு, அதுதான் காதுக்கு.

நான் கழட்டி மாட்டிப் பாத்ததுல ஒரு பீரங்கி வாய்க்காரன் இருந்தான், சின்னப் பெரல், பெரிய வாய். கராஜ்ல ஸ்டார்ட் பண்ணினப்ப பக்கத்துல டயர் ஒட்டிக்கிட்டு இருந்த பொடியனுங்க எல்லாம் வந்து நின்னுட்டானுங்க, "அண்ணே இதையே போடுங்க"ன்னு ஒரே சத்தம். வெல்டிங் அண்ணன் மட்டும் ஒண்ணும் சொல்லல. அவரு லொறி, ட்ராக்டர், த்ரீவீலர் எல்லாத்துக்கும் சைலன்சர் அடிக்கிறவரு, கையில காது இருக்கிற ஆளுன்னு சொல்லலாம், ஓடுற வண்டியோட பைப்புல துணியைச் சுத்தி கைய வச்சு அதிர்வைப் பாத்தே எந்த இடம் பாடுதுன்னு சொல்லிருவாரு. "ஏத்தத்துக்கு கொண்டு போயிட்டு வாங்க தம்பி, வந்து சொல்லுங்க"ன்னாரு. கொண்டு போனேன். கூரையைத் தொறந்து வச்சா சொர்க்கம், மூடினா தேர்ட்ல 3000ல பின் கண்ணாடி பிளாஸ்டிக்கே துடிக்குது. நானுஓயா வர்றதுக்குள்ள முடிவு தெரிஞ்சு போச்சு.

டெஸ்ட்டுக்கு எப்பவும் ஒரே ரோடு, ஒரே கியர். ராதெல்ல பக்கம் ஏத்தம், அப்புறம் அந்தப் பக்கம் ரம்பொடை எறக்கம். ராதெல்லன்னா சும்மா இல்ல, ஏப்ரல் சீசன்ல ஹில் கிளைம்ப், அதாவது மலை ஏறுற ரேஸ், ஓடுற ஊரு, அங்க வேலி ஓரமா நின்னு கேட்டு வளந்த காது இது. நுவரெலியால மகாகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் 1934லயே ஆரம்பிச்சது, ஆக இந்த மலைல இஞ்சின் சத்தம் கேட்டு ரசிக்கிறது நேத்து வந்த பழக்கம் இல்ல. ஆனா ரேஸ் கார் மேல ஏறி முடிக்க கொஞ்ச நேரம்தான், அப்புறம் ட்ரெய்லர்ல ஏத்திருவாங்க. நாம அதே சத்தத்தோட பால் வாங்கவும் போகணும்.

ரம்பொடைல ஒரு டனல் இருக்குல்ல, 200 மீற்றருக்கு மேல நீளம், உள்ள போற எல்லாப் பொடியனும் ஹோர்ன் அடிப்பான். நானும் ஜன்னலை எறக்கிட்டு போனேன், பொய் சொல்லல. ஆனா டனல்ல எந்த சைலன்சரும் நல்லாத்தான் கேக்கும், அதை வச்சு முடிவு எடுக்கக் கூடாது. டனலை விட பிரயோசனமானது ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை வெட்டின சுவர், மத்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருக்கிற இடம். சுவர் பக்கம் வர்றப்ப சத்தம் திரும்பி வந்து காதுல அடிக்கும், வளைவு தாண்டி பள்ளத்தாக்குப் பக்கம் போனா சத்தம் அப்பிடியே கரைஞ்சிரும். அந்த வித்தியாசத்துல சைலன்சரோட உண்மையான குணம் தெரியும், கீச்சு எவ்வளவு இருக்குன்னு சுவர் சொல்லிக் குடுக்கும்.

அளக்குறதுக்கு பெரிய மெசின் ஒண்ணும் இல்ல, போன்ல ஒரு டெசிபல் ஆப். பைப் வாயில இருந்து அரை மீற்றர் தள்ளி, 45 டிகிரி சாய்வா, வாயோட உயரத்துலயே போனை வச்சு, மெக்சிமம் பவர் வர்ற ஆர்பிஎம்ல முக்கால்வாசிக்கு ரெவ் பண்ணி அளக்குறது ஜப்பான்காரங்க முறை. நம்ம இஞ்சினுக்கு பவர் 6500ல, ஆக 4900 கிட்ட. ஜப்பான்ல 1998க்கு முன்னாடி வந்த கார்களுக்கு 103 டெசிபல், அதுக்கு அப்புறம் வந்த விதில சாதாரண காருக்கு 96. போன் காட்டுற நம்பரை அப்பிடியே நம்ப முடியாது, ஆனா ஒரே போன், ஒரே இடம்னா ஒண்ணுக்கு ஒண்ணு ஒப்பிட்டுக்கலாம். 10 டெசிபல் கூடினா காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம் மாதிரி இருக்கும்ங்கிறதை மனசுல வச்சுக்கணும், 3 தானே 4 தானேன்னு விட்டா ஏறிக்கிட்டே போகும்.

கடைசில நான் எடுத்தது நீளமான பெரல் உள்ள ஸ்ட்ரெயிட் த்ரூ, வாய் சின்னது, பாக்க ஒரிஜினல் மாதிரியேதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நடு பைப்புல ஒரு ரெசனேட்டர், கூடுதலா சத்தம் குறைக்கிற சின்னப் பெரல். பைப் சைஸ் ரெண்டே கால் இஞ்ச். ரெண்டரை போடச் சொல்லி ஆளாளுக்கு சொன்னாங்க, டர்போ இல்லாத 1.6 நேச்சுரல் இஞ்சினுக்கு அது எதுக்கு, பவர் ஒண்ணும் கூடாது, சத்தம்தான் கூடும். ரெசனேட்டர் வந்ததும் எறக்கத்து கரகரப்பு முக்காவாசி போச்சு. புகைல இருக்கிற விஷத்தைக் குறைக்கிற கன்வர்ட்டரைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டா கூட குரல் தொறக்கும்னு ஒரு ஆலோசனையும் வந்துச்சு. கன்வர்ட்டரே ஒரு சைலன்சர்தான், அதைக் கழட்டினா கீச்சு திரும்ப வந்துரும், வருசா வருசம் லைசன் எடுக்க எமிஷன் டெஸ்ட்டுக்கு போறப்ப காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் ஏறி நிக்கும், அதைவிட அந்த நாத்தம். கன்வர்ட்டர் இருந்த இடத்துலயே இருக்கு.

இவ்வளவு செஞ்சும் கூரை மூடினா 3000ல பூம் கொஞ்சம் மிச்சம். இங்கதான் இந்த வேலைலயே எனக்கு புடிச்ச பகுதி வருது, குவாட்டர் வேவ் பைப். மெயின் பைப்புல இருந்து இங்கிலீஷ் T எழுத்து மாதிரி ஒரு கிளை பைப் எடுத்து, அந்தக் கிளையோட கடைசியை அடைச்சிரணும். சத்த அலை அதுக்குள்ள போய், முட்டி, திரும்பி வர்றப்ப சரியா எதிர் கட்டத்துல (இது ஏறுறப்ப அது எறங்குற மாதிரி) வந்து மெயின் பைப்புல இருக்கிற அலையைத் தின்னுரும். புகை ஓட்டத்துக்கு ஒரு தடையும் இல்ல. நீளம்தான் சூட்சுமம், சத்தத்தோட வேகத்தை நாலு மடங்கு ப்ரீக்வென்சியால வகுக்கணும். சும்மா காத்துல சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் கிட்ட போகும், ஆனா சூடான புகைல இன்னும் வேகம், 150 டிகிரில 410 கிட்ட. நம்ம 100 ஹெர்ட்ஸுக்கு நாலு மடங்கு 400, 410ஐ 400ஆல வகுத்தா ஒரு மீற்றரும் கொஞ்சமும். இன்டர்நெட்ல கெடைக்கிற கணக்குல பாதி குளிர் காத்துக்கு போட்டது, அதை நம்பி வெட்டினா பைப் குட்டையாகி, வேற ஆர்பிஎம்ல போய் வேலை செய்யும்.

வெல்டிங் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்ப ஒரு மாதிரியா பாத்தாரு. "அடைச்ச பைப்பா? புகை எங்க தம்பி போகும்?" புகை போக இல்லண்ணே, சத்தம் போகன்னு சொன்னதும் சிரிச்சுட்டாரு, ஆனா அடுத்த யோசனை அவரோடது. நேரா வெல்ட் பண்ணி அடைக்காம, கடைசில உள்ளுக்குள்ள சரியா நுழையிற இன்னொரு துண்டு பைப்பை அடைச்சு, அதை சொருகி கிளாம்ப் போட்டுட்டாரு. இழுத்தா நீளும், தள்ளினா குறையும். ஓடிப் பாத்து, எறங்கி, கிளாம்பை லூஸ் பண்ணி ஒரு விரல் அளவு இழுத்து, திரும்ப ஓடி, அப்பிடி சரி பண்ணினோம். சரியான இடம் வந்தப்ப 3000 தாண்டுறப்ப பூம் இருந்த இடத்துல ஒரு ஓட்டை விழுந்த மாதிரி, மேலயும் கீழயும் சத்தம் இருக்கு, நடுவுல இல்ல. அந்த இடத்துல குறி கீறிட்டு அப்புறம்தான் வெல்ட்.

இதுல ஒரு வேடிக்கை. எறக்கத்துல புகை சூடு குறையும், சூடு குறைஞ்சா சத்த வேகம் குறையும், வேகம் குறைஞ்சா அதே பைப் 2800 பக்கம் போய் வேலை செய்யும். ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் ஒரே நீளம் சரி வராது. லோட்ல இருக்கிறப்பதான் பூம் தொந்தரவு, அதனால ஏத்தத்துக்கு வச்சுட்டு விட்டுட்டேன்.

பைப்பை டிஃபரன்ஷலுக்கு (பின் சக்கரங்களுக்கு சக்தி பிரிக்கிற பெட்டி) பின்னால டிக்கிக்கு அடியில குறுக்கா ஓட்டினோம். அடைச்ச பக்கம் கொஞ்சம் ஒசந்து, T பக்கம் சாஞ்சு இருக்கணும், இது ரொம்ப முக்கியம். ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும், நுவரெலியா குளிர்ல, அதுவும் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுற வண்டில, அதுல ஒரு பகுதி உள்ளயே தண்ணியா நிக்கும். அடைச்ச பைப்புல தண்ணி தேங்கினா நீளமே மாறிரும், அப்புறம் துருவும். பெரலோட ஆகப் பள்ளமான இடத்துலயும் 3 மில்லில ஒரு ஓட்டை போட்டாச்சு. பழைய சைலன்சர் செத்ததுக்கு காரணமே அந்தத் தண்ணிதான்.

பைப் 304 ஸ்டெயின்லெஸ், டிக் வெல்டிங், உள்பக்கம் ஆகன் வாயு விட்டு அடிச்சது. உள்ள ஆகன் விடாம அடிச்சா பின்பக்கம் கருகி பொரிப்பொரியா நிக்கும், அந்த இடத்துல இருந்துதான் துரு ஆரம்பிக்கும், ஸ்டெயின்லெஸ்னு பேரு மட்டும் மிஞ்சும். ஸ்டெயின்லெஸ் சாதா இரும்பை விட கூட விரியும், ரெண்டரை மீற்றர் பைப் 300 டிகிரி சூடானா 12 மில்லிக்கு மேல நீளும். அதனால ஹேங்கர் ரப்பரை குளிர்ல இறுக்கமா மாட்டக் கூடாது, பெரலுக்கும் பம்பருக்கும் நடுவுல விரல் போற இடம் விட்டோம். ரப்பர் புதுசு போட்டதுல உடம்புக்கு வர்ற அதிர்வும் குறைஞ்சுச்சு, சிலருக்கு பூம்னு தோணுறது பழைய ரப்பர்தான், மொதல்ல அதை மாத்திப் பாருங்க, செலவு கம்மி.

லீக் பாக்குறது லேசு, ஸ்டார்ட்ல விட்டு, ஈரத் துணியால வாயை கொஞ்ச நேரம் அடைச்சுப் புடிச்சு, ஜொய்ண்ட் எல்லாத்துலயும் சவக்காரத் தண்ணி தடவினா நுரை சொல்லும். புகைல ஒக்சிஜனை அளக்குற சென்சருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள இழுத்து சென்சர் தப்பா காட்டும், பெற்றோல் குடிக்கும். கூரை தொறக்கிற காருக்கு இன்னொன்னு, ஓடுறப்ப பின்னால இருந்து காத்து சுழண்டு சீட்டுக்கு வரும், அதனால வாய் பம்பரைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். இல்லாட்டி புகை உங்க கழுத்துக்குத்தான் வரும், காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கெடையாது.

பொலிஸ் விசயம். 2025 ஜனவரில இருந்து சத்தம் போடுற சைலன்சர், கண்ட லைட், கண்ட பிட்டிங்ஸ் எல்லாத்தையும் புடிக்க ஆரம்பிச்சாங்க, நல்லதுதான்னு நான் சொன்னா கூட்டாளிமாருக்கு கோவம் வரும். காலைல 10 டிகிரி குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா ஐடில் 1500ல நின்னு கத்தும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு கைக்குழந்தை, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, அந்த லயத்துப் பக்கம் போனா ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குறவங்க. அதனால குளிர்ல ஸ்டார்ட் சத்தத்தையும் ஒரு டெஸ்டா வச்சிருந்தேன், ரோட்டுல பாஸான ஒரு சைலன்சர் இதுல ஃபெயில்.

கொழும்புல கேட்டு வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், காத்து மெல்லிசு, நேச்சுரல் இஞ்சின் பவர் ஆறுல ஒரு பங்கு போல போயிரும், வெடிக்கிற கேஸும் கம்மி, குரலும் கொஞ்சம் மெலிஞ்சுதான் வரும். கீழ கேட்டு மயங்கினது மேல வந்தா சாதுவா தெரியும். அதே மாதிரி இங்க சரி பண்ணினதை அவிசாவளைக்கு எறக்கினா கொஞ்சம் தடிச்சு பேசும், நம்மளது கினிகத்தேனை தாண்டினதுமே தொண்டையைத் தொறந்துருச்சு.

இப்ப மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். பஞ்சு உக்கார கொஞ்ச காலம் எடுக்கும், அதுக்கப்புறம் சத்தம் லேசா ஏறும், அப்ப திரும்ப போனை வச்சு அளக்கணும். ஃப்ளேஞ்ச் போல்ட் எல்லாம் சூடேறி ஆறினதுக்கு அப்புறம் ஒரு தரம் இறுக்கியாச்சு, ரெசனேட்டருக்கு முன்னாடி இருக்கிற கெஸ்கட் மட்டும் லேசா சீறுது, வர்ற கெழமை அண்ணன்கிட்ட போய் அதை மாத்தணும்.